280 மீட்டர் கோபுரம், லோயர் பரேல்: கம்பியும் கான்கிரீட்டும் போக மீதிப் பணம் எங்கே போகிறது?

மாட்டுங்கா_மதிப்பீடு

வணக்கம். ஒரு மாதிரிக் கட்டடத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள்.

இடம் மும்பை லோயர் பரேல், பழைய மில் நிலம். 70 மாடி, மாடிக்கு 4 மீட்டர், மொத்தம் 280 மீட்டர். ஒரு மாடியின் அளவு 30க்கு 36, அதாவது 1,080 சதுர மீட்டர். மொத்தப் பரப்பு 75,600 சதுர மீட்டர், சுமார் 8.14 லட்சம் சதுர அடி. கான்கிரீட் சதுர மீட்டருக்கு 0.6 கனமீட்டர், கம்பி 100 கிலோ என்று எடுத்தால் 45,000 கனமீட்டர், 7,500 டன் வருகிறது. கலவை சராசரி 9,000 ரூபாய், கம்பி டன் 60,000 என்று வைத்தால் 40.5 கோடியும் 45 கோடியும். ஆக 85 கோடி சொச்சம்.

இதே பரப்பை 25 மாடிக் கட்டடங்களாகப் பிரித்துக் கட்டினால் கான்கிரீட் 0.42, கம்பி 60 கிலோவில் முடிந்துவிடும். 55 கோடி. வித்தியாசம் 30 கோடிதான். ஆனால் ஒப்பந்தக்காரர்கள் கேட்கும் விலைகளைப் பார்த்தால் இடைவெளி இதைப்போல் பல மடங்கு இருக்கிறது. ஒப்பீட்டுக்கு புர்ஜ் கலீஃபாவை எடுத்தால் 3,30,000 கனமீட்டர் கான்கிரீட், 39,000 டன் கம்பி, 3 லட்சம் சதுர மீட்டருக்குச் சற்று மேல் பரப்பு. சதுர மீட்டருக்கு ஒரு கனமீட்டரைத் தாண்டுகிறது. உயரம் ஏற ஏற ஒவ்வொரு சதுர அடியும் கனக்கிறது என்பது புரிகிறது. ஆனால் கனத்தை மட்டும் வைத்து விலையைச் சொல்லிவிட முடியவில்லை. எங்கே விடுகிறேன்?

---

செம்பூர்_கட்டமைப்பு

உங்கள் பட்டியலில் 280 இருக்கிறது, 30ம் இருக்கிறது. இரண்டையும் வகுத்துப் பாருங்கள்: 9.3. கட்டடத்தின் விலையை முடிவு செய்வது அந்த எண். 280 மீட்டர் உயரத்துக்கு 50 மீட்டர் அகலம் இருந்தால் கதையே வேறு.

காற்று தள்ளும்போது அடியில் வரும் வளைவுத் திருப்புவிசை உயரத்தின் வர்க்கத்தில் ஏறும். உச்சி நகர்வு உயரத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 100 மீட்டர் கட்டடத்தை 280 ஆக்கினால், அதே விறைப்பு இருந்தால், உச்சி நகர்வு 60 மடங்குக்கு மேல். அதனால் பாரத்தைத் தாங்கப் போதுமான சுவர் நகர்வுக்குப் போதாது. உயரத்தில் ஐந்நூறில் ஒரு பங்குதான் எல்லை, அதாவது நம் கட்டடத்துக்கு 56 சென்டிமீட்டர். ஷியர் வால் (பக்கவாட்டு விசையைத் தாங்கும் சுவர்) தடிமன், கோர் (லிஃப்ட், படிக்கட்டைச் சூழ்ந்த நடுச்சுவர்க் கூடு) அளவு, அவுட்ரிகர் (கோரை வெளித்தூண்களோடு இணைக்கும் பெரிய கை) எல்லாம் இதற்காகத்தான் வருகின்றன.

மும்பைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 44 மீட்டர், நிலநடுக்க மண்டலம் 3. இந்த உயரத்தில் பெரும்பாலும் காற்றுதான் ஆளும். இன்னொன்று, ஐஎஸ் 16700 என்ற உயர்கட்டட விதிநூல் 50 மீட்டருக்கு மேல் 250 மீட்டர் வரைக்கும்தான். 280 என்றால் நிபுணர் குழு ஆய்வு, செயல்திறன் அடிப்படையிலான வடிவமைப்பு, காற்றுக்குகைச் சோதனை எல்லாம் சேரும். இவற்றின் கட்டணம் சிறியது. ஆனால் காலம் பெரியது. அதை மதிப்பீட்டில் யாரும் தனி வரியாக எழுதுவதில்லை.

---

டோம்பிவிலி_மாணவன்

சார், எம்40 தரக் கான்கிரீட்டுக்குப் பதில் எம்60, எம்80 போட்டால் தூண் சுருங்கும், இடமும் கிடைக்கும். அப்போது உயரத்தால் வரும் கூடுதல் செலவு குறையாதா?

---

செம்பூர்_கட்டமைப்பு

நல்ல கேள்வி தம்பி. பாதி சரி.

முதலில் சரியான பாதி. 20 தூண், 70 மாடி, தூணுக்குச் சராசரி 0.25 சதுர மீட்டர் மிச்சம் என்றால் 350 சதுர மீட்டர், 3,767 சதுர அடி. லோயர் பரேலில் சதுர அடி 40,000 என்று வைத்தால் 15 கோடிக்கு விற்கக்கூடிய இடம் திரும்பி வருகிறது. கலவைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு இதில் சிறு பங்கு.

இனி மறுபாதி. கான்கிரீட்டின் வலிமை 40லிருந்து 60க்கு ஏறினால் 50 சதவீதம் கூடுகிறது. ஆனால் நெகிழ்வுக்கெழு (கான்கிரீட்டின் விறைப்பைச் சொல்லும் எண்) வலிமையின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். ஐஎஸ் 456 சூத்திரப்படி 31,600லிருந்து 38,700. அதாவது 22 சதவீதம். வலிமை கூடிவிட்டதே என்று சுவரை மூன்றில் ஒரு பங்கு மெலிதாக்கினால் விறைப்பு குறைந்துவிடும், அலைவு நேரம் நீளும், மேல்மாடி ஆட்டம் கூடும். உயர்தரக் கலவையைத் தூணில் இடம் மிச்சம் பிடிக்கப் பயன்படுத்துங்கள். கோர் சுவரில் அதே தடிமனை வைத்து விறைப்புக்காகப் பயன்படுத்துங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கக் கூடாது.

ஆட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வாங்குபவர் உணரப்போவது அதைத்தான். காற்று நேராகத் தள்ளுவதைவிடப் பக்கவாட்டு ஆட்டம்தான் மெலிந்த கோபுரத்தின் தொல்லை. கட்டடத்தின் இரு விளிம்புகளிலும் மாறி மாறிச் சுழல்கள் உதிரும். அந்த உதிர்வின் தாளம் கட்டடத்தின் சொந்த அலைவோடு ஒத்துப்போனால் ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். நம் கட்டடத்தின் அலைவு நேரம் 6.5 வினாடி என்று வைப்போம். அதிர்வெண் 0.154. சுழல் உதிரும் தாளத்தைக் காற்று வேகத்தோடும் அகலத்தோடும் இணைக்கும் ஸ்ட்ரூஹல் எண் சதுர வெட்டுக்கு 0.12. அகலம் 30. அப்படியானால் இரண்டு தாளமும் ஒத்துப்போகும் காற்று வேகம் 0.154 பெருக்கல் 30 வகுத்தல் 0.12, வினாடிக்கு 38.5 மீட்டர். கடலை நோக்கி நிற்கும் 280 மீட்டர் உச்சியில், ஒரு பெரும்புயலில், அந்த வேகம் எட்ட முடியாதது ஒன்றும் இல்லை.

மருந்து வடிவத்தில்தான் இருக்கிறது. மூலையைச் சீவுவது, உயரத்துக்கு உயரம் அகலத்தை மாற்றுவது, சில மாடிகளைக் காற்று புகத் திறந்துவிடுவது. புர்ஜ் கலீஃபாவில் படிப்படியாக வெட்டுமுகம் மாறுவது இதற்காகத்தான், சுழல்கள் ஒரே தாளத்தில் சேரவே முடியாது. ஷாங்காய் கோபுரத்தை முறுக்கிச் சீவியதில் காற்றுப் பாரம் 24 சதவீதம் குறைந்தது, கட்டமைப்பில் 58 மில்லியன் டாலர் மிச்சம். நியூயார்க்கின் 432 பார்க் அவென்யூ அகலத்தைப்போல் 15 மடங்கு உயரம், அதில் இடையிடையே மாடிகளைத் திறந்தே விட்டார்கள்.

காற்றுக்குகைச் சோதனையை வரைபடம் முடிந்தபின் சான்றிதழுக்காகச் செய்வது பெரிய தவறு. அந்தக் கட்டத்தில் கிடைக்கும் பதில் "கம்பியைக் கூட்டு" என்பது மட்டுமே. வடிவம் இளகியிருக்கும்போதே போனால் மூலையை ஒன்றரை மீட்டர் சீவிப் பார்த்துவிட்டு வரலாம். மாதிரியில் சுற்றுவட்டாரக் கட்டடங்களும் வேண்டும், பக்கத்தில் வரப்போவதாக அனுமதி வாங்கியிருப்பவையும் வேண்டும். லோயர் பரேலில் பக்கத்துக் கோபுரத்தின் காற்று நிழலே ஆட்டத்தைக் கூட்டிவிடும்.

---

டோம்பிவிலி_மாணவன்

தைபே 101 கோபுரத்தில் ஆட்டத்தை அடக்க 660 டன் குண்டு தொங்குகிறதே, அதுபோல் ஒன்றை வைத்துவிட்டால்?

---

செம்பூர்_கட்டமைப்பு

வைக்கலாம். ஆனால் அது ஆட்டத்தின் முடுக்கத்தைத்தான் குறைக்கும். பத்தாண்டுக்கொரு முறை வரும் காற்றில் குடியிருப்பு மாடிகளில் 0.15 மீட்டர்/வினாடி² எல்லை என்கிறது விதிநூல். அந்த எல்லைக்குள் கொண்டுவர உதவும். வலிமைக் கணக்கில் அதை நம்பிச் சுவரைக் குறைக்கக் கூடாது. தைபேயில் குண்டு 87வது மாடிக்கும் 92வது மாடிக்கும் நடுவே தொங்குகிறது. விற்பனைக் கட்டடத்தில் அந்த மாடிகள்தான் அதிக விலை போகிறவை.

மலிவான வழி தண்ணீர்த் தொட்டி. அலம்பும் தண்ணீர் கட்டடத்துக்கு எதிர்த்தாளத்தில் அடிக்க வேண்டும். தொட்டியின் நீளமும் தண்ணீரின் ஆழமும் சேர்ந்துதான் அந்தத் தாளத்தைத் தீர்மானிக்கின்றன. 6.5 வினாடிக்கு, 12 மீட்டர் நீளத் தொட்டியில் ஆழம் 1.46 மீட்டர் வர வேண்டும். கட்டி முடித்து அளந்தால் அலைவு நேரம் பெரும்பாலும் கணக்கைவிடக் குறைவாக இருக்கும், ஏனென்றால் தடுப்புச் சுவர்களும் விறைப்பு தருகின்றன. 6.0 என்று வந்தால் ஆழத்தை 1.74க்கு ஏற்ற வேண்டும். 28 சென்டிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் தொட்டிச் சுவரை 1.6 மீட்டருக்குக் கட்டியிருந்தால் ஏற்ற வழியே இல்லை. தண்ணீர் அலம்பி எழவும் மேலே இடம் விட வேண்டும்.

இதே தொட்டியைத் தீயணைப்புத் தண்ணீருக்கும் சேர்த்துக் காட்டிவிடுகிறார்கள். சோதனைக்காகத் தண்ணீர் இறக்கும் ஒவ்வொரு முறையும் தாளம் கெடும். பிரித்தே வையுங்கள்.

---

சயான்_மண்பரிசோதனை

மேலே என்ன செய்தாலும் கீழே பாறை என்ன சொல்கிறது என்று பார்க்காமல் விலை சொல்லாதீர்கள். துபாயில் புர்ஜ் கலீஃபாவுக்கு 192 பைல் (ஆழத்தில் இறக்கும் கான்கிரீட் தூண்) போட்டு, அதன்மேல் 3.7 மீட்டர் ராஃப்ட் (முழுக் கட்டடத்தையும் தாங்கும் தடித்த அடித்தளப் பலகை) போட்டார்கள். மும்பைத் தீவில் பெரும்பாலும் பைலே வேண்டாம், தக்காணப் பாறை சில மீட்டரிலேயே தட்டும். அது வரம்தான். ஆனால் "பாறை" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு சரக்கு இருக்கிறது.

கெட்டியான பசால்ட் ஒன்று. எரிமலைச் சில்லுகள் ஒட்டிய பிரெச்சியா இன்னொன்று. சாம்பல் இறுகிய டஃப் மூன்றாவது. ஒரே மனையில் மூன்றும் வரும். போர்ஹோலில் எடுக்கும் தண்டில் 10 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள துண்டுகளைக் கூட்டி, துளைத்த நீளத்தால் வகுத்தால் வரும் சதவீதம் ஆர்க்யூடி, பாறையின் தர எண். ஒரு மூலையில் 85, எதிர்மூலையில் 30 வந்தால் ராஃப்ட் அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். 280 மீட்டர் உயரத்தில் அடியில் 30 மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் சாய்வு என்றால் உச்சியில் 93 மில்லிமீட்டர். லிஃப்ட் கைடு ரெயிலுக்கு அது பெரிய சங்கதி.

டஃப், பிரெச்சியா இரண்டையும் வெட்டித் திறந்துபோட்டால் காற்றும் தண்ணீரும் பட்டு இளகும். காலையில் பிரேக்கர் வாய்க்கு அசையாதது இரண்டு நாள் மழைக்குப் பின் மண்வெட்டிக்கு வரும். கடைசி 30 சென்டிமீட்டரை வெட்டாமல் விட்டு, பிசிசி (கம்பியில்லாத கான்கிரீட் படுகை) போடும் அன்று வெட்டி, அன்று மாலைக்குள் மூடிவிட வேண்டும். இளகியதை மறுபடி வெட்டி, அந்தப் பள்ளத்தைக் கான்கிரீட்டால் நிரப்பும் செலவு எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது.

அடுத்தது தண்ணீர். மாட்டுங்கா சார், உங்கள் கணக்கில் பேஸ்மென்ட்டே இல்லை. நான்கு தளம் இறங்கினால் 16 மீட்டர். நிலத்தடி நீர் மழைக்காலத்தில் 2 மீட்டரில் நிற்கும். 14 மீட்டர் தண்ணீர் அடியிலிருந்து தூக்கும், சதுர மீட்டருக்கு 14 டன். கோபுரத்தின் அடியில் கவலையில்லை. சுற்றியுள்ள போடியம் (கோபுரத்தைச் சுற்றிய தாழ்ந்த கட்டடப் பகுதி) தான் ஆபத்து. ஒரு மீட்டர் ராஃப்ட் 2.5 டன், ஐந்து ஸ்லாப் ஆளுக்கு 1.1 டன், ஆக 8 டன். மீதி 6 டன்னை யார் பிடிப்பது? 3 மீட்டருக்கு 3 மீட்டர் கட்டத்தில் ஒரு பாறை நங்கூரம் வைத்தால் ஒன்றுக்கு 54 டன், பாதுகாப்புக் காரணி தனி. ஒவ்வொன்றையும் இழுத்துச் சோதிக்க வேண்டும், தலையில் நீர்க்கசிவு அடைக்க வேண்டும்.

நங்கூரம் பூட்டும்வரை பம்ப்தான் கட்டடத்தைக் கீழே பிடித்துவைத்திருக்கிறது. மழை இரவில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் எடுக்காமல், நீர்மட்டம் ஏறினால் போடியம் ராஃப்ட் நடுவில் உப்பும், கோபுரத்தோடு சேரும் கோட்டில் வெடிப்பு விடும். 2005 ஜூலை 26ல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய ஊர் இது. ராஃப்ட்டில் நிவாரணத் துளைகள் விட்டு, போதுமான பாரம் ஏறியபின் அடையுங்கள். உள்ளே தண்ணீர் வந்தால் இறைத்துக்கொள்ளலாம். உப்பிய ராஃப்ட்டை இறக்க முடியாது.

---

மாட்டுங்கா_மதிப்பீடு

குறித்துக்கொண்டேன் சார். நங்கூரம், டிவாட்டரிங் (நீர் இறைப்பு), பாறை உடைப்பு மூன்றும் தனி வரி. ராஃப்ட் 40க்கு 42, தடிமன் 3 மீட்டர், 5,040 கனமீட்டர் என்று வைத்திருக்கிறேன். இதை ஒரே மூச்சில் ஊற்ற முடியுமா? தாராவி அண்ணாச்சி வந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

---

தாராவி_கலவை

முடியும் அண்ணாச்சி. ஆனா ஊத்துற அன்னிக்கு யோசிக்கக் கூடாது, ரெண்டு மாசம் முந்தியே யோசிக்கணும்.

முதல்ல சூடு. மூணு மீட்டர் தடிமன் நடுவுல சூடு வெளிய போக வழியில்ல. கனமீட்டருக்கு 400 கிலோ முழுக்க ஓபிசி (சாதா சிமெண்ட்) போட்டா, நூறு கிலோவுக்குச் சுமார் 12 டிகிரி ஏறும், 48 டிகிரி. ஊத்தும்போதே 32 இருந்தா உச்சம் 80. நடுச்சூடு 70ஐத் தாண்டக் கூடாது. தாண்டினா பல மாசம் கழிச்சு உள்ளுக்குள்ளேயே உப்பி வெடிப்பு விடும், அப்ப ஒண்ணும் செய்ய முடியாது. அதனால 160 ஓபிசி, 240 இரும்பாலைக் கசடு சிமெண்ட். ஏற்றம் 34க்கு வந்துரும். ஊத்துற சூடு 28ன்னா உச்சம் 62.

அந்த 28ஐ வாங்குறதுதான் பாடு. மே மாசத்துல கலவை 34ல வரும். ஒரு கனமீட்டரை ஒரு டிகிரி இறக்க ஏறக்குறைய 6 கிலோ செதில் ஐஸ் வேணும். ஆறு டிகிரிக்கு 36 கிலோ. 5,040க்கு 181 டன் ஐஸ். கட்டி ஐஸை உடைச்சுப் போடுறது வேலைக்கு ஆவாது, வண்டி வந்தப்புறமும் உள்ள கட்டி கரையாமக் கிடக்கும், அந்த இடம் ஓட்டையாயிரும். ஜல்லியை நிழல்ல வச்சு ராத்திரி தண்ணி தெளிச்சாலே ரெண்டு மூணு டிகிரி குறையும், ஐஸ் செலவும் குறையும்.

இப்ப ஊத்துற கணக்கு. மூணு பம்ப், ஒண்ணு 40 கனமீட்டர், மணிக்கு 120. ஆக 42 மணி நேரம். வெள்ளி ராத்திரி 10க்குத் தொடங்கினா ஞாயிறு சாயங்காலம் 4. சனி பகல்ல பெரிய வண்டிக்குத் தடை இருக்கும், போக்குவரத்துப் போலீஸ் அனுமதி எழுத்துல கையில இருக்கணும். 6 கனமீட்டர் வண்டி 840 நடை. மணிக்கு 20 வண்டி, ஒரு சுத்துக்கு ஒன்றரை மணி நேரம், அப்ப 30 வண்டி ஓட்டத்துல, 5 உபரி. பிளான்ட் ரெண்டாவது வேணும். ரெண்டுலயும் ஒரே சிமெண்ட், ஒரே கெமிக்கல். நாலாவது பம்ப் ஒண்ணு டீசல் ஊத்தித் தயாரா நிக்கணும்.

எல்லாரும் தப்பு பண்ற இடம் ஒண்ணு சொல்றேன். முழு ராஃப்ட்டையும் அரை மீட்டர் அடுக்கா பரப்பிக்கிட்டே வரலாம்னு நெனைப்பாங்க. ஒரு அடுக்கு 1,680 சதுர மீட்டர், 840 கனமீட்டர். மணிக்கு 120ல அதுக்கே 7 மணி நேரம். திரும்ப முதல் மூலைக்கு வர்றதுக்குள்ள அங்க கலவை இறுகிரும். கோல்ட் ஜாயின்ட் (பழசும் புதுசும் ஒட்டாத கோடு) விழுந்துரும், தண்ணி அது வழியாத்தான் ஏறும். அதனால ஒரு ஓரத்துலருந்து படிக்கட்டு மாதிரி போகணும். 40 மீட்டர் அகலம், ஒவ்வொரு படியும் அரை மீட்டர் உயரம், 3 மீட்டர் நீளம், ஆறு படி. ஒரு முறை எல்லாப் படியும் முன்னேற 360 கனமீட்டர், மூணு மணி நேரத்துல பழைய முகம் மூடிரும். ரிடார்டர் போட்டு இறுகுற நேரத்தை 8 மணிக்குத் தள்ளி வச்சா, பம்ப் ஒண்ணு படுத்தாலும் சமாளிக்கலாம்.

இன்னொண்ணு, மேல் வலை. 32 மில்லி கம்பி 150ல ரெண்டு பக்கமும், ரெண்டு அடுக்குன்னா சதுர மீட்டருக்கு 168 கிலோ. மொத்த ராஃப்ட்டுக்கும் 283 டன் மூணு மீட்டர் உயரத்துல நிக்குது. அதுக்கு மேல ஆளு, ஹோஸ், வைப்ரேட்டர். கம்பியை வளைச்சு, வலையைத் தாங்குற கால் (சேர்) வச்சா சரிஞ்சுரும். ஆங்கிள் இரும்புல சட்டம் அடிச்சு, குறுக்குச் சட்டமும் வெல்ட் வைக்கணும். வைப்ரேட்டர்காரர் உள்ள இறங்கி ஏற ஆள்துளை விடுங்க. மேலேருந்தே ஊசியை விட்டா அடி வலைக்கு எட்டாது.

---

முலுண்ட்_திட்டமிடல்

அண்ணாச்சி, ஊற்றியபின் குளிர்விக்கத் தண்ணீர் தேக்கி நிறுத்துகிறார்களே, அது சரியா? ஷெட்யூலில் 14 நாள் க்யூரிங் என்று போட்டிருக்கிறேன்.

---

தாராவி_கலவை

மேடம், ஸ்லாப்புக்குத் தேக்குற மாதிரி இதுக்குத் தேக்கக் கூடாது. நடுவுல 62, மேல பச்சைத் தண்ணி பட்டு 30ன்னா 32 டிகிரி வித்தியாசம். 20க்குள்ள இருக்கணும். மேற்பரப்பு சுருங்கப் பார்க்கும், நடு விடாது, மேல வெடிச்சுரும். போர்வை போத்துற மாதிரி செய்யணும். முடிச்ச உடனே பாலிதீன், அதுக்கு மேல தெர்மோகோல் பலகை, அதுக்கு மேல சாக்கு. தெர்மோகப்பிள் (சூடு அளக்குற கம்பி) மூணு ஆழத்துல: மேலருந்து 10 சென்டிமீட்டர், நடு, அடியிலருந்து 10 சென்டிமீட்டர். மணிக்கொருதரம் எழுதணும். போர்வையை எடுக்கிற நாளைக் காலண்டர் சொல்லக் கூடாது, அந்தச் சூட்டு வித்தியாசம் சொல்லணும். 14 நாள்ல எடுக்க முடியலைன்னா விட்டுருங்க. வலிமையை 28 நாள்ல கேக்காதீங்க, கசடு கலவைக்கு 56 நாள்னு வரைபடத்துலயே எழுதி வாங்கிருங்க.

---

முலுண்ட்_திட்டமிடல்

நன்றி. மாட்டுங்கா சாரின் மூலக் கேள்விக்கு என் பக்கத்துப் பதில் இது: நாள்.

நிலத்திலும் கட்டணங்களிலும் 500 கோடி கடன் முடங்கியிருக்கிறது, வட்டி 12 சதவீதம் என்று வைப்போம். ஆண்டுக்கு 60 கோடி, ஒரு நாளைக்கு 16.4 லட்சம். மாடிக்கு 7 நாள் என்று திட்டமிட்டு 9 நாளில் முடித்தால் 70 மாடிக்கு 140 நாள் தள்ளிப்போகிறது. 23 கோடி. கம்பியையும் கான்கிரீட்டையும் பிழிந்து பிழிந்து மிச்சம் பிடிக்கப் பார்க்கும் 30 கோடியோடு இதை ஒப்பிடுங்கள்.

அந்த இரண்டு நாள் எங்கே தொலைகிறது? அலுமினிய ஷட்டரிங்கால் தொலைவதில்லை. மைவான் என்ற அந்த அலுமினியப் பலகைகளை ஸ்லாப் துளை வழியாகக் கைமாற்றி ஏற்றிவிடுகிறார்கள், கிரேனே தேவையில்லை. தொலைவது ஹாய்ஸ்ட்டில் (ஆளேற்றும் தற்காலிக லிஃப்ட்). 400 ஆள் மேலே போக வேண்டும். நான்கு கூண்டு, கூண்டுக்கு 20 பேர். 60வது மாடிக்கு மேல், நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகத்தில் ஒருவழிக்கே நாலு நிமிடத்துக்கு மேல், ஏற்றி இறக்கித் திரும்ப 15 நிமிடம். மணிக்கு 320 பேர். காலை ஷிஃப்ட் ஏறி முடிக்க ஒன்றேகால் மணி நேரம், மதியச் சாப்பாட்டுக்கு இறங்கி ஏறினால் இன்னும் இரண்டரை. 30வது மாடியிலும் 50வது மாடியிலும் கழிப்பறை, குடிநீர், சாப்பாட்டு இடம் வைப்பது தொழிலாளர்களுக்கு நாம் செய்தே ஆக வேண்டியது. மாடிச் சுழற்சியைக் காப்பாற்றுவதும் அதுதான்.

கிரேனுக்கு ஜூன் முதல் செப்டம்பர்வரை காற்று நாட்களைக் கழித்தே திட்டம் போடுங்கள். நெருக்கமான மனை என்றால் கையை மேலே தூக்கிக்கொள்ளும் லஃபிங் கிரேன்தான். வாடகை கூட, ஆனால் பக்கத்து மனையின் வானத்தில் கை நீட்ட அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

அனுமதியைப் பற்றி ஒன்று. விமானநிலைய உயர அனுமதி கைக்கு வராமல் ராஃப்ட்டை வடிவமைக்காதீர்கள். வொர்லி பக்கம் வேர்ல்ட் ஒன் முதலில் 442 மீட்டர், 117 மாடி என்று அறிவிக்கப்பட்டது. உயர அனுமதி கிடைக்காமல் 280 மீட்டரில் நின்றது. சர்னி ரோட்டுப் பக்கம் 126 மாடி என்று தொடங்கிய இந்தியா டவர் 2011லேயே நின்று, பிறகு கைவிடப்பட்டது. உயரம் பாதியில் குறைந்தால், வராத மாடிகளுக்காகப் போட்ட அடித்தளமும் கீழ்த் தூண்களும் மண்ணுக்குள் கிடக்கும். லிஃப்ட் எண்ணிக்கையும் கோர் அளவும் தவறிப்போகும்.

---

செம்பூர்_கட்டமைப்பு

மேடம் சொன்ன லிஃப்ட்டோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கான்கிரீட் கோபுரம் குட்டையாகிக்கொண்டே போகும். பாரத்தால் 250 மைக்ரோ (மீட்டருக்கு 0.25 மில்லிமீட்டர் சுருக்கம்), காலப்போக்கில் தளர்ந்து 250, உலர்ந்து 200 என்று வைத்தால் 700 மைக்ரோ. 280 மீட்டருக்கு 196 மில்லிமீட்டர். இதில் கட்டும்போதே ஒவ்வொரு ஸ்லாப்பையும் மட்டம் வைத்துச் சரிசெய்துகொள்வது ஒரு பகுதி. மீதி குடிவந்தபின்னும் நடக்கும். கோர் சுவரும் வெளித்தூணும் ஒரே அளவு குறுகினால் பரவாயில்லை. தூண் அதிக அழுத்தத்தில் இருப்பதால் அதிகம் குறுகும், ஸ்லாப் வெளிப்பக்கம் சாயும், அவுட்ரிகரில் யாரும் கணக்கில் வைக்காத விசை ஏறும். அதனால் அவுட்ரிகரின் கடைசி இணைப்பை மேல்மாடிகள் ஏறியபின் பூட்ட வேண்டும். கைடு ரெயில் கிளிப் வழுக்கும்படி இருக்க வேண்டும், குழாய் ஸ்டாக்கில் விரிவு இணைப்பு வேண்டும், முகப்புக் கண்ணாடி பிராக்கெட்டில் 20 மில்லிமீட்டராவது செங்குத்து ஓட்டம் வேண்டும். கண்ணாடி விற்பவரிடம் இந்த எண்ணைக் கொடுக்காமலே விலை கேட்கிறார்கள், பிறகு மாற்று ஆர்டர் போடுகிறார்கள்.

---

மாட்டுங்கா_மதிப்பீடு

குழாய் என்றதும் நினைவு வந்தது. தண்ணீர், தீயணைப்பு இரண்டையும் சதுர அடிக்கு ஒரே விலையாகப் போட்டிருந்தேன். 280 மீட்டர் என்றால் நிலை அழுத்தமே 28 பார். குழாய் முனைக்கு 4 பாருக்கு மேல் கூடாது. ஆக 40 மீட்டருக்கு ஒரு மண்டலம், ஏழு மண்டலம், இடைத்தொட்டிகள், பம்ப் அறைகள். அவை தின்னும் இடத்தையும் விற்பனைப் பரப்பில் கழிக்க வேண்டும். தீயணைப்புத் துறையின் மிக உயரமான ஏணியே 90 மீட்டர்தான், அதற்கு மேல் கட்டடம் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ரெஃப்யூஜ் தளங்கள் (தீ வந்தால் ஒதுங்கும் மாடிகள்), அழுத்தக் காற்றுள்ள படிக்கட்டு, தீயணைப்பு லிஃப்ட், இரட்டை ரைசர் (மேலேறும் தண்ணீர்க் குழாய்), தனி ஜெனரேட்டர். இவற்றில் எதையும் குறைக்கச் சொல்லி யார் கேட்டாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

தாராவி அண்ணாச்சி, கடைசியாக ஒன்று. 70வது மாடிக்கு ஒரே தாவலில் பம்ப் செய்ய முடியுமா, நடுவில் ரிலே பம்ப் வேண்டுமா?

---

தாராவி_கலவை

ஒரே தாவல்ல போகும் அண்ணாச்சி. துபாய்ல 600 மீட்டருக்கு மேலயே ஒரே தாவல்ல ஏத்துனாங்க. நமக்கு 280 மீட்டர் தூக்கவே 67 பார், அதோட லைன் உரசல் சேர்ந்து ஏறக்குறைய அதே அளவு. உயர் அழுத்த பம்ப், தடிச்ச சுவர் குழாய், அடியில ஒரு அடைப்பு வால்வு. பம்ப்புக்கும் மேல ஏறுற லைனுக்கும் நடுவுல கிடைமட்டமா 50 மீட்டர் லைன் விடுங்க, மேலேருந்து வர்ற பாரம் நேரா பம்ப்புல உக்காராது.

125 மில்லி குழாய், மொத்தம் 330 மீட்டர்னா லைனுக்குள்ளயே 4 கனமீட்டர் கலவை எப்பவும் நிக்கும். வண்டி தாமதமாகி வெயில்ல அரை மணிக்கு மேல நின்னா அடைப்பு. அடைப்பு எப்பவும் வளைவுலயும், தேஞ்ச கிளாம்ப் ரப்பர்லயும்தான் வரும், அங்கருந்துதான் பால் ஒழுகிக் கல்லு மட்டும் தங்கிரும். சுத்தியால தட்டிக்கிட்டே வந்தா சத்தம் மாறுற இடம் தெரியும். கழட்டுறதுக்கு முந்தி பம்ப்பை ரிவர்ஸ்ல ஓட்டி அழுத்தத்தை இறக்கணும். அழுத்தத்தோட கிளாம்பைத் திறந்தா ஆள் உயிருக்கு ஆபத்து. இதைச் சைட்டுல எல்லா ஷிஃப்ட்டுக்கும் திரும்பத் திரும்பச் சொல்லணும்.

வேலை முடிஞ்சதும் லைன்ல இருக்கிற 4 கனமீட்டரைத் தூக்கி எறிய வேண்டாம். மேல ஸ்பஞ்சுப் பந்தைப் போட்டு, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமா திறந்து, கலவையைத் தன் பாரத்துலயே கீழ காத்திருக்கிற வண்டிக்கு இறக்கலாம். பின்னாடி விடுற கழுவுத் தண்ணியைக் கீழ ரெண்டு அறைத் தொட்டியில தெளிய வையுங்க. பரேல் சாக்கடையில விட்டா ஜூன் முதல் மழைக்கே அது கல்லா அடைச்சுக்கிட்டு நம்ம பேஸ்மென்ட்டுக்கே தண்ணி திரும்பும்.